எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லையா? கழற்றும் முன் காது கொடுத்துக் கேளுங்கள்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் எங்கள் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோனது. ஸ்விட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகியது, சுற்றவில்லை. நேரே கடைக்குப் போய்ப் புதிது வாங்கினேன், ஆளை அழைத்து மாட்டினேன். கூலியோடு இரண்டாயிரம் ரூபாய் ஆனது. பழையதைப் பரணில் போட்டுவைத்தேன். ஆறு மாதம் கழித்துப் பரணை ஒழிக்கும்போது சும்மா பிரித்துப் பார்த்தால், அதில் போயிருந்தது ஒரு கண்டன்சர், மோட்டார் சுற்றத் தொடங்க உந்துதல் தரும் சின்ன உதிரி. ஐம்பது ரூபாய். அந்த ஃபேன் இப்போது இன்னொரு குளியலறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

'ஓடவில்லை' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதில் நான்கைந்து விதம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செலவும் வேறு. அதனால் உங்கள் வீட்டு ஃபேன் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு, அதற்கான பகுதிக்குப் போங்கள். இங்கே சொல்வதெல்லாம் வெண்டிலேட்டரிலோ சுவர் ஓட்டையிலோ மாட்டியிருக்கும் 6 இன்ச், 8 இன்ச் ஃபேன்களுக்கு.

கை வைப்பதற்கு முன்

ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சில வீடுகளில் வயரிங் செய்தவர் ஸ்விட்சை பேஸில் (கரண்ட் வரும் வயரில்) போடாமல் நியூட்ரலில் (திரும்பும் வயரில்) போட்டுவைத்திருப்பார். ஸ்விட்ச் அணைந்திருக்கும், ஃபேனும் நின்றிருக்கும், ஆனால் மோட்டார் வரை 230 வோல்ட் வந்து உட்கார்ந்திருக்கும். எனவே மெயின் பெட்டியில் இருக்கும் எம்சிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்சை இறக்கிவிட்டு, ஃபேனுக்கு வரும் வயர்களில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால், கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டெஸ்டரே செத்திருந்தால் அது சொல்லும் 'கரண்ட் இல்லை'யை எப்படி நம்புவது?

தரை காய்ந்திருக்கட்டும். நல்ல ஏணியோ உறுதியான ஸ்டூலோ போட்டு ஏறுங்கள். உயரம் எட்டவில்லை என்று வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் ஏறி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பீங்கான் உடைந்தால் கத்தி மாதிரி அறுக்கும். வேண்டாம்.

சரி, மெயின் இறங்கிவிட்டது. இப்போது இறக்கையை ஒரு விரலால் மெல்லத் தள்ளுங்கள். தடையில்லாமல் நாலைந்து சுற்று சுற்றி நின்றால் இயந்திரப் பகுதி நன்றாக இருக்கிறது. அரை சுற்றிலேயே நின்றால் புஷ் (ஷாஃப்ட், அதாவது மோட்டாரின் அச்சுக் கம்பி, சுழலும் உலோக வளையம்) காய்ந்திருக்கிறது, இல்லை அழுக்கு இறுக்கியிருக்கிறது. இறக்கையை முன்னும் பின்னும், மேலும் கீழும் அசைத்தும் பாருங்கள். முன்பின் ஓரிரு மில்லிமீட்டர் அசைவு இருந்தால் கவலை வேண்டாம். மேலும் கீழும் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. கருவி எதுவும் இல்லாமல் கிடைக்கும் இந்தத் தகவல் பாதி வேலையை முடித்துவிடும்.

சத்தமும் இல்லை, சுற்றவும் இல்லை

முதலில் கரண்ட் வருகிறதா? ஃபேன் பிளக்கில் மாட்டியிருந்தால் அதே பிளக்கில் வேறு ஏதாவது போட்டுப் பாருங்கள். நேரடி வயரிங் என்றால் இணைப்பைப் பாருங்கள். குளியலறை ஈரத்தில் செம்பு பச்சை பூத்துப்போகும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பாக இருந்தால் டேப்பின் பசை உருகி வழிந்து, உள்ளே கம்பி கறுத்திருக்கும். கறுத்த பகுதியை வெட்டி, புதிதாகச் சீவி, கனெக்டரில் திருகி இறுக்குங்கள். ஐந்து நிமிட வேலை.

கரண்ட் வருகிறது, இணைப்பும் நன்றாக இருக்கிறது என்றால் மல்டிமீட்டர் தேவைப்படும். மெயின் இறங்கிய நிலையில், ஃபேனின் இரண்டு வயர்களையும் லைனிலிருந்து பிரித்து, ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் நன்றாக இருந்தால் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில் ஓம் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கலாம், அல்லது காயிலின் மேல் துணி நாடாவுக்கு அடியில் செருகியிருக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கலாம். பல மோட்டார்களில் இது இருக்கும். விரல் நக நீளத்தில் ஒரு சின்னக் குப்பி. மோட்டார் அளவுக்கு மேல் சூடானால் நிரந்தரமாக அறுந்துகொள்ளும்.

சில மெக்கானிக்குகள் இந்த ஃபியூஸை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் நேரடியாக இணைத்துத் தருவார்கள். ஃபேன் உடனே ஓடும், நமக்கும் சந்தோஷம். ஆனால் அது ஏன் அறுந்தது? பெரும்பாலும் புஷ் இறுகி, மோட்டார் சுற்ற முடியாமல் சூடேறியிருக்கும். அடுத்த முறை இறுகும்போது தடுக்க ஃபியூஸ் இருக்காது. பிளாஸ்டிக் உடம்புதான் உருகும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் ஓடும் பொருள் இது. அதே வெப்ப அளவும் அதே ஆம்பியரும் அச்சிட்ட ஃபியூஸ் கிடைத்தால் போடச் சொல்லுங்கள், கூடவே புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் புது ஃபேன்.

முனகுகிறது, சுற்றவில்லை

என்னை இரண்டாயிரம் ரூபாய் செலவழிக்க வைத்த நோய் இதுதான். மோட்டாருக்குக் கரண்ட் போகிறது; சுழற்சியைத் தொடங்க வேண்டிய உந்துதல் மட்டும் கிடைக்கவில்லை. முனகலோடு நெடுநேரம் விட்டுவைக்காதீர்கள், காயில் சூடேறும்.

விரலால் தள்ளியபோது இறக்கை லேசாகச் சுற்றியதா? அப்படியானால் சந்தேகம் கண்டன்சர் மேல். உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. ஃபேனைப் போட்டு, நீளமான காய்ந்த மரக்குச்சியால் இறக்கையைத் தட்டிவிடுங்கள். குச்சியால்தான், விரலால் அல்ல. தட்டியதும் அது பாட்டுக்கு வேகம் எடுத்து ஓடினால் கண்டன்சர் போய்விட்டது என்று நம்பலாம்.

கண்டன்சர் மோட்டாரை ஒட்டி ஒரு சின்ன கறுப்பு அல்லது வெள்ளைப் பெட்டியாகவோ உருளையாகவோ இருக்கும். அதன் மேல் மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட்டும் அச்சிட்டிருக்கும். மெயினை இறக்கியபின், அதன் இரண்டு முனைகளையும் பிடியில் இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூ டிரைவரால் ஒருமுறை தொட்டு மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எந்த வயர் எங்கே இருந்தது என்ற குழப்பம் வராது.

பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட். 440 வோல்ட் என்று இருந்தால் 250 வோல்ட்டைத் தலையில் கட்ட விடாதீர்கள். 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று சீலிங் ஃபேனுக்குப் போடும் 2.5 மைக்ரோஃபாரடைக் கொடுப்பார்கள். 1 அல்லது 1.5 கேட்கும் சின்ன மோட்டாரில் அதைப் போட்டால் ஃபேன் ஓடும், சில சமயம் வேகமாகக்கூட ஓடும். கூடவே காயிலும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

கண்டன்சரைத் தேடிப் பார்த்து எதுவும் இல்லையென்றால் உங்களுடையது ஷேடட் போல் மோட்டார். சின்ன ஃபேன்கள் பலவற்றில் இதுதான். இரும்புத் தகடுகளின் ஓரத்தில் தடித்த செம்பு வளையம் பதித்திருப்பார்கள், அதுவே கண்டன்சரின் வேலையைச் செய்கிறது. இந்த வகை முனகினால் காரணம் அநேகமாக புஷ் இறுக்கம்.

தள்ளும்போதே இறக்கை முரண்டு பிடித்தவர்களும் இங்கே சேரலாம். குளியலறைத் தூசு ஒரு தனி ரகம். தலைமுடி, துண்டிலிருந்து உதிரும் நூல், பவுடர் எல்லாம் நீராவியில் நனைந்து, ஷாஃப்டைச் சுற்றிக் களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும். இறக்கையைக் கழற்றித்தான் அதை எடுக்க முடியும். மேசை ஃபேன் மாதிரி இறக்கைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் திருகு இருந்தால், பெரும்பாலும் அது எதிர்ப்புரி. நாம் வழக்கமாக இறுக்கும் பக்கம் திருப்பினால்தான் கழலும். அதன் மேலேயே அம்புக்குறி போட்டிருப்பார்கள், பாருங்கள். பலம் காட்டினால் திருகு உடையும். சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், சில வெறுமனே அழுத்திச் செருகியவை.

அழுக்கைச் சுரண்டி எடுத்து, ஷாஃப்டைத் துடைத்து, ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. பின்பக்கப் புஷ்ஷுக்கும் இரண்டு சொட்டு. கையால் சுற்றிக்கொண்டே இருங்கள், கொஞ்சம் கொஞ்சமாக இளகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். முதல் வாரம் அருமையாக இருக்கும், அப்புறம் பிசினாகி முன்பைவிட இறுகும். துரு நீக்கும் ஸ்பிரேயும் அப்படித்தான். ஒட்டியிருப்பதை விடுவிக்க அது நல்லது, ஆனால் சீக்கிரமே ஆவியாகிவிடும். இருந்த பழைய எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். அதை அடித்தால் பின்னாலேயே எண்ணெயும் விட வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் சோம்பேறித்தனமாக

மேலே சொன்னவற்றின் ஆரம்பக் கட்டம் இது. கண்டன்சர் ஒரே நாளில் சாவதில்லை, அளவு குறைந்துகொண்டே வரும். மைக்ரோஃபாரட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், அச்சிட்ட அளவுக்கும் காட்டும் அளவுக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்கு முன்னால் இறக்கையைக் கழுவிப் பாருங்கள். ஆயுத பூஜைக்கு வீட்டிலுள்ள ஃபேன் எல்லாவற்றையும் துடைப்போம். குளியலறையில் இருப்பதை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

இறக்கையையும் முன்பக்கக் கிரில்லையும் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் கழுவலாம். மோட்டார் மேல் தண்ணீர் படக் கூடாது, அதற்குக் காய்ந்த பிரஷ் போதும்.

மாலை நேரத்தில் மட்டும் மெதுவாக ஓடி, வீட்டில் மற்ற ஃபேன்களும் அப்போது மந்தமானால், அது வோல்டேஜ் பிரச்சினை. ஃபேனை விட்டுவிடுங்கள். அதேபோல் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் 'உர்ர்' என்றால் உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. அதற்கு மருந்து ஃபேனில் இல்லை.

சத்தம்

எந்த மாதிரிச் சத்தம் என்பதில்தான் விஷயம். 'கீச் கீச்' என்று தொடங்கி, கொஞ்ச நேரம் ஓடியதும் குறைந்தால் எண்ணெய் கேட்கிறது. 'கடகட'வென்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது இறக்கை கூட்டில் உரசுகிறது. ஃபேனை உள்ளங்கையால் சட்டத்தோடு சேர்த்து அழுத்துங்கள். சத்தம் நின்றால் பிடிப்புதான் தளர்ச்சி. வெண்டிலேட்டர் மரச்சட்டத்தில் ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகியிருந்தால் அதில் இரண்டு தீக்குச்சியைச் செருகிவிட்டுத் திருகுங்கள், கெட்டியாகப் பிடிக்கும்.

ஃபேன் ஓடாதபோதும் 'டப் டப்' என்று கேட்டால் அது பின்பக்கத்து ஷட்டர், காற்றில் அடித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் அழுக்கு ஒட்டிய இறக்கையும் ஒரு முனை உடைந்த இறக்கையும் முழு ஃபேனையும் அதிர வைக்கும். உடைந்ததை ஒட்டிச் சமாளிக்காதீர்கள், எடை சமன் ஆகாது.

விரல் சோதனையில் மேலும் கீழும் ஆடிய ஃபேன் என்றால், எண்ணெய் ஒரு மாதம் தாங்கும். அதற்கு மேல் புஷ் மாற்ற வேண்டும். இரும்பு உடம்பு கொண்ட பெரிய ஃபேனென்றால் வைண்டிங் கடையில் செய்துதருவார்கள். பிளாஸ்டிக் 6 இன்ச்சுக்குக் கூலி கட்டுப்படியாகாது. பால் பேரிங் போட்ட மோட்டாரென்றால் பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும், அதைச் சொல்லியே கடையில் வாங்கலாம்.

எங்கள் வீட்டில் ஒருமுறை பத்து நாள் ஒரு விநோதமான உரசல். எண்ணெய் விட்டேன், ஸ்க்ரூ இறுக்கினேன், போகவில்லை. கடைசியில் பார்த்தால் ஷட்டருக்கும் இறக்கைக்கும் நடுவில் ஒரு குளவி மண்கூடு கட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் ஓடாமல் கிடந்த ஃபேனென்றால், போடுவதற்கு முன் வெளிப்பக்கம் ஒரு பார்வை பாருங்கள். குருவியும் மைனாவும் வைக்கோலைத் திணித்திருக்கும், பல்லி முட்டை வைத்திருக்கும்.

கொஞ்ச நேரம் ஓடி, தானாக நின்று, மறுபடி ஓடுகிறது

மோட்டார் சூடாகிறது. சில மோட்டார்களில் ஆறினால் தானே சேர்ந்துகொள்ளும் வெப்பக் காப்பு இருக்கிறது. அதுதான் நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறது. புஷ்ஷையும் அழுக்கையும் கவனித்தபிறகும் தொடர்ந்தால், அல்லது கருகல் வாடை வந்தால், காயில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஃபேனோடு மேலும் பேசிப் பயனில்லை.

போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது, தொட்டால் ஷாக்

நிறுத்துங்கள். இதில் 'ஒருமுறை போட்டுப் பார்ப்போம்' கிடையாது. ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் தானே அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச். வீடுகளில் போடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழுகிறது என்றால் கரண்ட் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. காயிலில் ஈரம் இறங்கியிருக்கலாம், வயர் தோல் உரிந்து இரும்பு உடம்பைத் தொட்டிருக்கலாம். ஃபேனைப் பிரித்து எடுத்தபின் ஆர்சிசிபி விழாமல் நின்றால் குற்றவாளி ஃபேன். அப்போதும் விழுந்தால் வயரிங். இரண்டாவதற்கு எலெக்ட்ரீஷியனை அழைத்தே ஆகவேண்டும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இதே கசிவு சத்தமில்லாமல் காத்திருக்கும், அதுதான் பயம்.

நன்றாக ஓடுகிறது, ஆனால் ஈரமும் வாடையும் போகவில்லை

மோட்டாரைக் குறை சொல்லிப் புது ஃபேன் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஊதுபத்தி ஒன்று ஏற்றுங்கள். குளியலறைக் கதவைத் திறந்துவைத்து, புகையைக் கிரில்லுக்கு ஒரு சாண் முன்னால் காட்டுங்கள். அப்புறம் உள்ளே நின்று கதவை இறுக்கிச் சாத்திவிட்டு மறுபடி காட்டுங்கள். கதவு திறந்திருக்கும்போது புகை சர்ரென்று இழுபட்டு, சாத்தியதும் தயங்கி நின்றால், ஃபேனில் குறையே இல்லை. உள்ளே வரக் காற்று இல்லை. வெளியேறுகிற அளவு காற்று எங்காவது வழியாக உள்ளே வந்தால்தான் ஃபேனால் தள்ள முடியும். இப்போதைய பிளாஸ்டிக் கதவுகள் தரையை ஒட்டி இறுக்கமாக உட்காருகின்றன. கதவின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி விட்டால், அல்லது கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் ஜாலி பதித்தால், பழைய ஃபேனே புதிது மாதிரி இழுக்கும்.

இதற்கு நேரெதிரான தப்பும் உண்டு. ஃபேனுக்குப் பக்கத்திலேயே வெண்டிலேட்டர் கண்ணாடிகள் திறந்திருக்கும். வெளிக்காற்று அந்த இடுக்கில் நுழைந்து நேரே ஃபேன் வழியாக வெளியே போய்விடும். குளிக்கும் இடத்து நீராவி அப்படியே நிற்கும். ஃபேனைச் சுற்றியுள்ள இடைவெளியை அக்ரிலிக் தகடு வைத்து அடைத்துவிடுங்கள்.

புகை கிரில்லை விட்டு விலகி உங்கள் முகத்துக்கே வந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் சரியாகும் என்பார்கள், ஆகாது. ஏசி மோட்டாருக்கு அந்தக் கணக்கு இல்லை. இறக்கையைத் திருப்பி மாட்டினாலும் காற்றின் திசை மாறாது, வேகம்தான் குறையும். கண்டன்சர் மோட்டாரில், லைன் வயரைக் கண்டன்சரின் தவறான காலில் கொடுத்திருப்பார்கள். ரிப்பேருக்குப் போய் வந்த ஃபேனில் இது சகஜம். மறுகாலுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

புகை நன்றாக இழுபடுகிறது, வழியும் இருக்கிறது, ஆனாலும் சுவரில் கறுப்புப் பூஞ்சையா? ஓட்டும் நேரம் போதவில்லை. குளித்து முடித்ததும் அணைத்துவிடாமல் இருபது நிமிடமாவது ஓடவிடுங்கள். 30 வாட் ஃபேன் ஒரு யூனிட் கரண்ட் தின்ன முப்பத்துமூன்று மணி நேரம் ஆகும். வெந்நீருக்குக் கீசர் போடுகிற வீட்டில் இதில் மிச்சம் பிடிப்பது வேடிக்கை.

ஃபேன் நின்றால் வெளி நாற்றம் உள்ளே வருகிறது, மழை அடிக்கிறது

பல அடுக்குமாடிகளில் எல்லார் வீட்டு ஃபேனும் ஒரே டக்டில்தான் (பொதுவான காற்றுப் பாதையில்) தள்ளும். உங்கள் ஷட்டர் சரியாக மூடாவிட்டால் பக்கத்து வீட்டு மீன் குழம்பு உங்கள் குளியலறையில் மணக்கும். ஷட்டர் இதழ்களின் கீல் பகுதியில் சேர்ந்திருக்கும் அழுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகும். மழைக்கு, வெளியே கீழ்நோக்கி வளைந்த மூடி போடுங்கள். கொசு வராமல் இருக்க நெருக்கமான வலை கட்டாதீர்கள். மூன்றே மாதத்தில் நூலும் தூசும் அதை அடைத்துவிடும், அப்புறம் 'ஃபேன் இழுக்கவில்லை' என்று மேலே உள்ள பகுதிக்குத் திரும்ப வருவீர்கள்.

மாற்றியே தீரவேண்டும் என்றால்

காயில் கருகியது, புஷ் ஆடுகிறது, உடம்பு விரிசல் விட்டது: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் பிளாஸ்டிக் ஃபேனுக்குச் செலவழிக்காதீர்கள். புதிது வாங்கும் முன் ஓட்டையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 6 இன்ச் என்பது இறக்கையின் அளவு. சுவரில் அதற்கு வேண்டிய ஓட்டை ஏழு, எட்டு இன்ச் வரை போகும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியில் கட்-அவுட் என்று ஒரு எண் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை பெரிது வாங்குவது? ஐந்தடிக்கு எட்டடி, ஒன்பதடி உயரக் குளியலறை என்றால் 360 கன அடி, அதாவது சுமார் 10 கன மீட்டர். மணிக்குப் பத்து முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 100 கன மீட்டர். பெட்டியில் சிஎம்ஹெச் என்று போட்டிருப்பது இந்தக் கணக்குதான். ஷட்டர், வலை, வெளிமூடி எல்லாம் சேர்ந்து இழுவையைக் குறைக்கும் என்பதால் அதைப்போல் இரண்டு மடங்கு உள்ளதை எடுத்தால் போதும். ஷவருக்கு நேர் மேலே மாட்டுவதாக இருந்தால் ஐபிஎக்ஸ்4 என்ற குறி இருக்கிறதா பாருங்கள், தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் என்று அர்த்தம்.

மாட்டும்போது கதவிலிருந்து தூரமாகவும் ஷவருக்குப் பக்கமாகவும், கூரையை ஒட்டி உயரமாகவும் இடம் பாருங்கள். சுவர் ஓட்டையில் பைப் போட்டால் அது வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும், குளிர்ந்து சொட்டும் நீர் மோட்டாருக்கு வராது. வயருக்குச் சின்னதாக ஒரு தொங்கல் விட்டுக் கட்டுங்கள். எர்த் வயர் கொடுத்திருந்தால் அதை வெட்டி எறியாமல் இணையுங்கள். கடைசியாக, டைல்ஸில் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால், அந்தப் புகை ஷாஃப்டையும் காயிலையும் அரிக்கும். அன்று ஃபேனை நம்பாமல் ஜன்னலையும் கதவையும் திறந்துவையுங்கள். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் எந்த நாளும் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.